ஹொலோகிராம்: ஒரு சொல்லின் வரலாறு

கலிபோர்னியாவில் 2012ஆம் ஆண்டு நிகழ்ந்த கோச்செல்லா இசைவிழாவில், 1996இல் மறைந்த துப்பாக் சக்கூர் என்னும் பாடகரின் உருவம் மேடையில் தோன்றிப் பாடியது. செய்தித்தாள்கள் அதனை ஹொலோகிராம் என்றன. ஆயின் அஃது 1862இல் இலண்டன் மாநகரில் ஜோன் ஹென்றி பெப்பர் காட்டிய கண்ணாடி விந்தையின் வழிவந்ததேயாம். சாய்த்து நிறுத்திய தெளிந்த பரப்பொன்றில், மறைவிடத்துள்ள உருவத்தின் தெறிப்பு விழும். அவையோர்க்குப் பரப்புப் புலப்படாது; உருவம் மட்டுமே புலப்படும். ஹொலோகிராம் என்னுஞ் சொல் பிறக்குமுன்னரே இவ்வித்தை முதுமையெய்திவிட்டது.

அச்சொல்லை ஆக்கியவர் தெனிஸ் காபோர். 1900இற் புடாபெஸ்ட் நகரிற் பிறந்த அவர், 1947இல் இங்கிலாந்தின் றக்பி நகரில் மின்பொறிக் கம்பனியொன்றிற் பணியாற்றினார். மேடைக்காட்சி எதுவும் அவர் கருத்தில் இருந்ததில்லை. இலத்திரன் நுணுக்குக்காட்டியின் வில்லைகளில் இருந்த குறைபாட்டால் அணுக்களைக் காண இயலாதிருந்தது; அதனைக் கடக்கவே அவர் வழி தேடினார்.

சாதாரண ஒளிப்படம் ஒளியின் செறிவை மட்டுமே பதிவு செய்யும். அலையின் அவத்தை, அதாவது முகடுந் தாழியும் எவ்விடத்தில் எந்நிலையில் வந்தடைந்தன என்பது, அதில் இழக்கப்படுகின்றது. பொருளிலிருந்து வரும் அலையோடு, தன்மை அறியப்பட்ட மற்றோர் அலையையும் தகட்டில் வீழ்த்தினால், இரண்டுங் கலந்து நுண்ணிய வரிகளை உண்டாக்கும். அவ்வரிகளில் அவத்தையும் அடங்கியிருக்கும். பின்னர் அறியப்பட்ட அலையை மட்டும் தகட்டிற் செலுத்த, பொருளின் அலை மீண்டெழும். இக்கருத்தைக் காபோர் 1948இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார். கிரேக்க மொழியில் ‘ஹொலோஸ்’ என்பது முழுமை. ‘கிராமா’ என்பது எழுத்து. பெயர் பொருத்தமானதே. (ஒருவர் முழுவதும் தம் கையாலேயே எழுதிய ஆவணத்தை ஹொலோகிராப் என்பது ஆங்கிலத்தில் முன்னரே இருந்த வழக்கு.) அவர் முதலிற் பதித்த சிறுபடம் ஹைகன்ஸ், யங், பிரெனெல் என்னும் மூன்று பெயர்களே, ஒளி அலையென்னுங் கொள்கையை நிலைநாட்டியோர்க்கு அவர் செய்த மரியாதை அது.

பாதரச விளக்கொளி இதற்குப் போதவில்லை. உருவத்தோடு இரட்டை உருவமுந் தோன்றிக் காட்சியைக் குழப்பியது. முயற்சி ஏறக்குறைய கைவிடப்பட்டது. 1960இல் இலேசர் தோன்றியபின்னரே நிலைமை மாறிற்று. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எமெற் லீத், யூரிஸ் உபாட்னீக்ஸ் ஆகிய இருவரும் துணை அலையைச் சாய்வாகச் செலுத்தி இரட்டை உருவத்தைப் பிரித்தனர். 1964இல் அவர்கள் காட்டிய விளையாட்டுப் புகையிரதத்தைக் காண அறிஞர்களே வரிசையில் நின்றனர். தலையைச் சற்று அசைத்தால் முன்னே மறைந்திருந்த பாகம் தெரியும். தகட்டின் ஒரு துண்டிலும் முழுப்பொருளும் தெரியும். தட்டையான மேடை உருவத்தில் இவை இல்லை. இரண்டையும் பிரித்தறிதற்கு இதுவே உரைகல்.

சோவியத் நாட்டில் யூரி தெனிசியூக் என்பார், லிப்மனின் 1891ஆம் ஆண்டு வண்ண ஒளிப்பட முறையைப் பின்பற்றிச் சாதாரண வெண்ணொளியிற் காணத்தக்க ஹொலோகிராமை 1962இல் வெளியிட்டார். 1968இல் ஸ்டீபன் பென்டன் ஆக்கிய வானவில் வகையே பின்னர் அச்சிடுதற்கேற்றதாயிற்று. 1983 முதல் மாஸ்டர்காட் அட்டைகளிற் போலியைத் தடுக்க ஹொலோகிராம் பொறிக்கப்பட்டது. ஆகவே பொதுமக்கள் கையில் உண்மையான ஹொலோகிராம் இருந்தது; அதனை அவர்கள் வெறும் மினுக்கமென்றே கருதினர்.

1971ஆம் ஆண்டின் நோபெல் பரிசு காபோர் ஒருவர்க்கே வழங்கப்பட்டது. லீத்தும் தெனிசியூக்கும் அதிற் பங்குபெறாமை பெருங்குறையே. காபோர் 1979இல் மறைந்தார். அவர் முதலில் நாடிய இலத்திரன் ஹொலோகிராமை, யப்பானில் அகிரா தொனொமுரா அக்காலத்தையொட்டியே செம்மைப்படுத்தினார்.