அடைக்கலான்

சிவகாசி பட்டாசு விலைப்பட்டியலைக் கையில் எடுங்கள். லட்சுமி வெடிக்குப் பக்கத்திலேயே குருவி வெடி இருக்கும். இரண்டே முக்கால் அங்குலம். சின்ன சைஸ், அதனால் குருவி!

சரி, குருவிக்கு ஏன் குருவி என்று பேர்? 'குறு' என்றால் சின்னது, அதிலிருந்து வந்தது என்று பட்டென்று சொல்லிவிடுவார்கள். எழுத்து இடிக்கிறதே! அது வல்லின 'று', இது இடையின 'ரு'. சங்கப் பாட்டிலும் 'குரீஇ' என்று இடையினம்தான். சின்னது என்ற அர்த்தம் நிஜமாக உட்கார்ந்திருப்பது சிட்டுக்குருவியின் 'சிட்டு'வில்.

தென்மாவட்டங்களில் இதற்கே இன்னொரு பேர் உண்டு. அடைக்கலான் குருவி. தமிழ் பைபிளின் 84-ஆம் சங்கீதத்திலும் இந்தப் பேர்தான். காட்டை விட்டுவிட்டு, மனுஷன் வீட்டு ஓட்டு இடுக்கிலும் சாமி படத்துக்குப் பின்னாலும் வந்து அடைக்கலம் கேட்கிற ஜீவன். கூட்டைக் கலைத்தால் பாவம் என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். 1758-ல் ஸ்வீடன்காரர் லின்னேயஸ் வைத்த லத்தீன் பெயரிலும் 'டொமெஸ்டிகா' வருகிறது. வீட்டைச் சேர்ந்தது என்று அர்த்தம். நம் குறுந்தொகைப் புலவர் மாமலாடன் அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே குருவியை வீட்டில் குடிவைத்துவிட்டார்.

வெடிக்கு இந்தப் பேரை வைத்தவர் சைஸை மட்டும்தான் பார்த்திருக்கிறார். எனக்கோ விலைப்பட்டியலில் 'குருவி'யைப் பார்த்தால் இப்போது சாத்தூர் பக்கத்து அச்சங்குளம்தான் ஞாபகம் வருகிறது. 2021 பிப்ரவரி 12 அன்று அங்கே பட்டாசு ஆலை வெடித்தது. காலையில் வேலைக்குப் போனவர்களில் இருபது பேருக்கு மேல் வீடு திரும்பவில்லை.