பெங்களூரு மெட்ரோவைத் தாமதித்த பாறை

பெங்களூருவின் 'நம்ம மெட்ரோ' முதல் கட்டத்துக்குப் பிரதமர் மன்மோகன் சிங் 2006 ஜூன் 24 அன்று அடிக்கல் நாட்டினார். அக்கட்டம் முழுமையடைந்து குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜியின் கையால் திறக்கப்பட்டதோ 2017 ஜூன் 17 அன்றுதான். இடைப்பட்ட காலத்தில் 6,395 கோடி ரூபாய் என்ற தொடக்க மதிப்பீடு 13,800 கோடியைத் தாண்டியது. ஏறத்தாழ 33 கிலோமீட்டராகத் திட்டமிட்ட பாதை 42.3 கிலோமீட்டராக நீண்டதும் செலவு உயர ஒரு காரணம் என்றாலும், நீட்டிப்பைக் கொண்டு மட்டும் இத்தாமதத்தை விளக்கிவிட முடியாது. நிலம் எடுப்பதில் இழுபறியும், லால்பாக் பூங்காவிலும் நந்தா சாலையிலும் மரங்களை வெட்டுவதற்கு எதிரான போராட்டமும் இருந்தன. ஆயினும் பணியைக் கடுமையாகச் சோதித்தது நகரின் நடுவே அமைந்த 8.8 கிலோமீட்டர் சுரங்கப் பகுதியே.

இந்நகரம் 'தீபகற்ப நைஸ்' எனப்படும் மிகப் பழைய உருமாறிய பாறையின் மேல் நிற்கிறது. லால்பாக் குன்றில் வெளியே தெரிவதும், ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையதாகக் கருதப்படுவதும் அப்பாறைதான். அதன் மேற்பகுதி காலப்போக்கில் சிதைந்து மண்ணாகிவிட, சிதையாத உருண்டைப் பாறைகள் அம்மண்ணுக்குள் ஆங்காங்கே புதைந்து கிடக்கின்றன. இதனால் சுரங்கம் தோண்டும் எந்திரத்தின் முகப்பிலுள்ள சுழலும் வெட்டுத்தலை, ஒரே சுற்றில் மேற்புறம் இளகிய மண்ணையும் கீழ்ப்புறம் கடும்பாறையையும் சந்திக்க நேர்கிறது. 'கலப்பு முகப்பு' எனப்படும் இந்நிலையில் வெட்டுச் சக்கரங்கள் சீரின்றித் தேய்ந்து உடைவதோடு, மேலிருக்கும் மண் சரிந்து சாலையே உள்வாங்கும் அபாயமும் உண்டு. ஓரிடத்தில் துளையிட்டு எடுத்த மாதிரி, சில மீட்டர் தள்ளி என்ன இருக்கிறது என்பதற்கு உறுதி தராது. திட்ட அட்டவணைகள் இந்த நிச்சயமின்மைக்குப் போதிய இடம் விடவில்லை என்றே கருத வேண்டியுள்ளது.

சிக்கபேட்டையில் சிக்கல் இரட்டிப்பாயிற்று. கெம்பே கௌடர் 16-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய பேட்டையின் பகுதியான அங்கு, நெருக்கமான பழங்கட்டடங்களுக்கு அடியில் எந்திரத்தை நிதானமாகவே நகர்த்த வேண்டியிருந்தது. 'கோதாவரி' என்ற எந்திரம் வெட்டுத்தலை சேதமடைந்து அவ்வழியில் பல மாதங்கள் முடங்கியது. கிழக்கு-மேற்குச் சுரங்கப்பாதை 2016 ஏப்ரல் இறுதியில் திறக்கப்பட்டபோதும், வடக்கு-தெற்குப் பாதை மேலும் ஓராண்டுக்கு மேல் காத்திருந்தது.

சுரங்கமே இல்லாத பாதையும் தாமதத்துக்குத் தப்பவில்லை. முதல் கட்டத்துக்குப் பின் வந்த ஆர்.வி. சாலை - பொம்மசந்திரா மஞ்சள் தடத்தில் பாலமும் தண்டவாளமும் ஆயத்தமான பின்னரும் ஓட்டுவதற்கு ரயில் இல்லை. 2019-இல் சீன நிறுவனம் ஒன்று பெற்ற பெட்டி ஒப்பந்தம், இந்தியாவிலேயே பெரும்பகுதியைத் தயாரிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நிறைவேற்ற இயலாமல் தேங்கியதால், அத்தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்றுதான் திறக்கப்பட்டது.