மதகும் கால்வாயும்: மறைந்த சில செயலிகள் குறித்து ஓர் ஆய்வு

தொண்டை மண்டலத்தின் வரலாறு பெரிதும் ஏரிகளின் வரலாறே ஆகும். அவ்வேரிகளுள் செம்பரம்பாக்கம் ஏரி பெரியது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய அது, இன்று சென்னை மாநகர்க்குக் குடிநீர் வழங்குகின்றது. அதனை அடுத்துள்ள திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் தொழிற்சாலை நிலமாக மாறியுள்ளது. 2006 முதல் 2014 வரை நோக்கியா கைபேசிகள் உருவான அவ்வட்டாரத்தில், இப்போது ஐபோன்கள் உருவாகின்றன. அத்தகைய கருவிகளுள் வாழ்ந்து மறைந்த சில செயலிகளையும், அவற்றை இழந்தோர் உற்ற துயரையும் ஈண்டு ஆராய்வோம். இவ்வாராய்ச்சிக்கு ஏரியே நல்லதோர் உவமையாக அமைகின்றது.

மூன்றாம் தரப்புச் செயலி என்பது யாது? ஒரு நிறுவனம் மக்களின் எழுத்தையும் உரையாடலையும் தன் தளத்தில் தேக்கி வைக்கின்றது. அஃது ஏரி. அந்நிறுவனத்தைச் சாராத ஒருவர், அவ்வுரையாடலை எளிதிற் படிக்கவும் எழுதவும் தாமே ஒரு செயலியை ஆக்கித் தருகின்றார். அது கால்வாய். இரண்டையும் இணைப்பது ஏ.பி.ஐ. எனப்படும் இணைப்பு வாயில், அதுவே மதகு. கால்வாய் வெட்டியவர் ஒருவர்; நீரைச் சேர்த்தவர் பல்லாயிரவர்; மதகைத் திறக்கவும் அடைக்கவும் உரிமை பெற்றவரோ ஏரியின் உடைமையாளர் மட்டுமே.

செயலியை இழத்தல் தமிழ்நாட்டார்க்குப் புதிதன்று. 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியின் பதிவிறக்கத்தைத் தடை செய்யுமாறு இடைக்கால ஆணை பிறப்பித்தது. அம்மாதம் 24ஆம் நாள் அதனை நீக்கியது. அடுத்த ஆண்டு ஜூன் 29ஆம் நாள், இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. ஆடியும் பாடியும் தம் திறன் காட்டிய எளிய மக்கள் பலர் தம் மேடையை இழந்தனர். அது நாட்டின் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு எடுத்த முடிவு. ஏரி முழுவதும் மூடப்பட்டமை போன்றது. நாம் இங்குச் சிறப்பாக நோக்குவதோ, ஏரி நிறைந்திருக்க மதகு மட்டும் அடைக்கப்பட்ட நிகழ்ச்சிகளை.

இன்று எக்ஸ் எனப் பெயர் மாறியுள்ள ட்விட்டர் தளத்திற்கு, 2007ஆம் ஆண்டிலேயே ட்விட்டரிஃபிக் என்னும் செயலி தோன்றியது. குருவிப் படத்தை அத்தளத்திற்கு முன்பே தன் இலச்சினையாகக் கொண்டது அதுவே. 2011இல் ட்வீட்பாட் என்னும் செயலி வந்தது. 2023 ஜனவரி 12ஆம் நாள் இவ்விரண்டின் இணைப்பும் முன்னறிவிப்பின்றித் துண்டிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்தே, இத்தகைய செயலிகளைத் தடுக்கும் விதி எழுதப்பட்டது. செயல் முன்னும் சட்டம் பின்னுமாக அமைந்தமை கருதத்தக்கது.

அதே ஆண்டில் ரெடிட் தளம், தன் மதகுக்குக் கட்டணம் விதித்தது. கனடா நாட்டுக் கிறிஸ்டியன் செலிக் 2017இல் வெளியிட்ட அப்போலோ என்னும் செயலிக்கு, அக்கட்டணம் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் ஆகும் என அவர் கணக்கிட்டார். ஜூன் 12ஆம் நாள், எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்கள் தம் வாயிலை அடைத்து எதிர்ப்புத் தெரிவித்தன. இத்தகைய செயலிகளின் துணையால் படித்துவந்த பார்வையற்றோரும் முறையிட்டனர். அவர்க்கெனச் சில செயலிகளுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. ஜூன் 30ஆம் நாள் அப்போலோ முடிவுற்றது.

பயனாளர் உற்ற துயர் வெறும் சொல்லளவில் நின்றதன்று. ஆண்டுக் கட்டணம் செலுத்தியிருந்தோர்க்கு எஞ்சிய தொகையைத் திருப்பித் தருதல் செயலி ஆக்கியோரின் கடமையாயிற்று. வருவாயை இழந்த அவர்க்கு அது பெருஞ்சுமை. ஆதலின், ‘எமக்குத் திருப்பித் தரவேண்டா’ எனப் பயனாளர் தெரிவிக்கும் வாய்ப்பினை அம்மூன்று செயலிகளும் தம் இறுதிப் பதிப்பில் அமைத்தன. பலர் அவ்வாறே தொகையை விட்டுக்கொடுத்தனர். பாரியை இழந்த கபிலர் பாடிய கையறுநிலைப் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. ஆங்குப் புரவலனை இழந்து புலவர் வருந்துகின்றார். ஈண்டோ பொருள் தந்தோரே, கைத்திறன் உடையோன் தொழில் இழந்தமைக்கு வருந்துகின்றனர்.

இத்துயரின் வேர் யாது? கருவி போயிற்று என்பது மட்டுமன்று. ஏரியை நிரப்பிய தமக்கு அதன் ஆட்சியில் இடமில்லை என்பதை மக்கள் அன்று கண்டனர். அதுவே வேர் என்க. தொண்டை மண்டலத்து உத்தரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்டன. குடவோலையால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் ஏரியைப் பேணியதை அவை உணர்த்துகின்றன. அவ்வாரியத்தில் எல்லார்க்கும் இடம் இருந்ததில்லை. நிலமும் மறைக்கல்வியும் உடையோரே அதற்கு உரியர். இக்குறையை நாம் மறைத்தல் கூடாது. எனினும், பலர் வாழ்வு சார்ந்த ஏரியின் பொறுப்பை ஓர் அவை தேர்ந்தெடுத்த குழுவிடம், குறித்த காலத்திற்கு மட்டும் ஒப்படைத்தல் வேண்டும் என்னும் கருத்து, ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே இந்நிலத்தில் செயற்பட்டுள்ளது. 2023இன் ஏரிகளுக்கு அத்தகைய வாரியம் இல்லை.

ட்வீட்பாட்டை ஆக்கியோர், இணைப்பை இழந்த அம்மாதத்திலேயே, மாஸ்டடான் வலையமைப்பிற்கு ஐவரி என்னும் புதுச் செயலியை வெளியிட்டனர். அவ்வலையமைப்பு ஒருவர் உடைமையன்று. சிற்றேரிகள் பல கால்வாய்களால் இணைந்தாற்போலத் தனித்தனிக் குழுவினர் நடத்தும் வழங்கிகளால் ஆயது. ஓர் ஏரி அடைபடினும் பிற ஏரிகள் நிற்கும். தமிழர் நாள்தோறும் எழுதும் எழுத்தும் பாடும் பாட்டும் இன்று பிறர் ஏரிகளிலேயே தேங்கியுள்ளன. அவற்றை உரியோர் இசைவுடன் தொகுத்துப் பேணுதல் தமிழ்த்துறைகளின் கடமை. மதகு அடைபட்ட பின் அப்பணியைத் தொடங்குதல் இயலாது.