இந்த வருஷம் டீம் தேறுமா?

ஐ.பி.எல். ஏலம் முடிந்த மறுநாளே பட்டினப்பாக்கம் டீக்கடைகளில் வழக்கு ஆரம்பமாகிவிடும். சென்னை சூப்பர் கிங்ஸ் இந்த வருஷம் தேறுமா, ஓப்பனிங் யார், கடைசி நாலு ஓவர் யார் போடுவார் என்று போகிற பேச்சு, ‘நம்ம ஊர்ப் பையன் ஒருத்தனையாவது எடுத்தார்களா?’ என்ற குறையில் வந்து நிற்கும். இதை வெறும் ஊர்ப்பாசம் என்று தள்ளிவிடுகிறார்கள். அது சரியல்ல. இந்த நகரம் ஒரு அணியின் தகுதியை எப்படி எடைபோட்டுப் பழகியது என்பதைப் பார்த்தால், இந்தக் குறைக்கு நூறாண்டு வரலாறு இருப்பது தெரியும்.

பட்டினப்பாக்கத்துக்குப் பக்கத்தில், மயிலாப்பூர் லஸ்ஸில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். வெள்ளையர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் 1846 முதலே இருந்தது. அங்கே இந்தியருக்கு இடமில்லை. இந்தியரும் ஐரோப்பியரும் சேப்பாக்கத்தில் மோதும் பிரசிடென்சி ஆட்டத்துக்கு வித்திட்டவரும் புச்சிபாபுதான். 1908இல் முதல் ஆட்டம் நடப்பதற்குச் சற்று முன்பு அவர் இறந்துபோனார். பின்னாளில் அந்த ஆட்டம் பொங்கலையொட்டி நடந்ததால் ‘பொங்கல் மேட்ச்’ ஆயிற்று. இந்தியர் அணியில் யார் யார் என்று மார்கழியிலேயே ஊர் பேசியதில் வியப்பில்லை. ஆடப்போகிறவர்கள் எல்லோரும் கண்ணெதிரே வளர்ந்தவர்கள்.

ஊர் கிளப்புகள் மோதும் லீக் ஆட்டங்கள் அந்தப் பழக்கத்தை ஆழப்படுத்தின. மெரினா மைதானத்திலும் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ.விலும் கயிற்றுக் கோட்டுக்கு வெளியே நின்று பார்ப்பவருக்கு, பேட்ஸ்மேன் பின்காலில் போவது வரை தெரியும். அன்று பல மைதானங்களில் மேட்டிங் விக்கெட்தான். கெட்டித் தரையில் தென்னங்கயிற்றுப் பாயை விரித்து, இழுத்து, ஓரமெல்லாம் ஆணி அடிப்பார்கள். பந்து நெஞ்சு உயரத்துக்கு எழும்பும், ஸ்பின் நன்றாகத் திரும்பும். ‘பாயில் அடிக்கிறான், டர்ஃபில் தாங்குவானா?’ என்பது அந்தக் காலத்து ரசிகர்களின் அசல் விவாதம். பின்னாளில் கம்பெனிகள் ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்து அணிகளை நடத்தியபோது, யார் எந்தக் கம்பெனிக்கு மாறுகிறார் என்பதும் சீசனுக்கு முந்தைய பேச்சாயிற்று. கணிப்பு பலிக்காமல் போகலாம். ஆனால் அது கண்ணால் கண்ட சாட்சியின் மேல் நின்றது.

2008இல் ஐ.பி.எல். வந்தபோது இந்தத் தொடர்ச்சி உடனே அறுந்துவிடவில்லை. பத்ரிநாத், பாலாஜி, விஜய், அஸ்வின் எல்லோரும் லீக்கில் பார்த்த முகங்கள். 2011 இறுதி ஆட்டத்தில் சேப்பாக்கத்திலேயே விஜய் 95 அடித்தார்; அஸ்வின் முதல் ஓவரிலேயே பெங்களூரின் கெயிலை ரன் எடுக்கவிடாமல் வெளியேற்றினார். அறுந்தது பிறகுதான். தமிழ்நாட்டு ஸ்பின்னர் சாய் கிஷோர் 2020, 2021 இரண்டு சீசனும் அணியில் இருந்தும் ஒரு ஆட்டமும் ஆடவில்லை. தமிழ்நாட்டு பேட்ஸ்மேன் ஜெகதீசனை 2022 நவம்பரில் விடுவித்தார்கள். சில நாட்களிலேயே விஜய் ஹசாரே கோப்பையில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக அவர் 277 ரன் குவித்தார், லிஸ்ட் ஏ கிரிக்கெட்டில் அதுவே உலக சாதனை. 2023 இறுதி ஆட்டம் இன்னும் உறுத்துகிறது. களமிறங்கிய சென்னை அணியில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவரும் இல்லை. எதிரணி குஜராத்துக்காக 47 பந்தில் 96 அடித்தவர் சென்னைப் பையன் சாய் சுதர்சன்.

‘ஆனாலும் கோப்பை நமக்குத்தானே வந்தது?’ என்பார்கள். உண்மைதான், ஐந்து கோப்பைகள் சாதாரண விஷயமல்ல. தோனி ராஞ்சிக்காரர், அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடும் ஊர் மண்ணின் மைந்தர் கணக்குப் பேசலாமா என்றும் கேட்பார்கள். ஆனால் இந்த ஊர் பூர்வீகத்தை என்றைக்கும் பார்த்ததில்லை. 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் ஒரே நாளில் முடிந்தது. மைசூரின் 11 விக்கெட்டுகளைச் சாய்த்த ஏ.ஜி. ராம்சிங் சீக்கியர். 1954-55இல் மதராஸ் முதன்முறை ரஞ்சிக் கோப்பையை வென்றபோது அவர் மகன் கிருபால் சிங் அந்த அணியில் இருந்தார். அவர்களை மதராஸ்காரர்களாக்கியது இங்கே ஆண்டுக்கணக்கில் ஆடிய ஆட்டம். தோனியும் அப்படித்தான் சேப்பாக்கத்துக்குச் சொந்தமானார்.

இன்னொரு மறுப்பு கனமானது. அந்தப் பழைய மைதானங்கள் யாருக்குத் திறந்திருந்தன? மயிலாப்பூர், திருவல்லிக்கேணியின் படித்த, வசதியுள்ள வீடுகளுக்குத்தான் பெரும்பாலும். பட்டினப்பாக்கத்தை ஒட்டிய சீனிவாசபுரத்து மீனவர் வீட்டுப் பிள்ளைக்குக் கடற்கரை மணலும் டென்னிஸ் பந்தும்தான் மிச்சம். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் கூடாது. ஆனால் இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2016இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) மாவட்டங்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. சேலம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் தொடங்கி இந்தியாவுக்கு ஆடினார், சென்னை அணிக்கு ஒருமுறையும் ஆடவில்லை. கதவு திறக்கிற நேரத்தில், உள்ளே வருகிறவர்களைச் சொந்த ஊர் அணி தவறவிடுகிறது என்பதே என் வாதம்.

2025இல் சென்னை கடைசி இடத்தில் முடிந்தது. அந்த ஆண்டே ஜடேஜாவைக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கினார்கள், அதை வைத்து விவாதம் சூடாகவே நடக்கிறது. நடக்கட்டும். ஆனால் ஏலத்தொகையையும் ஸ்டிரைக் ரேட்டையும் மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். லீக் சீசனில் ஒரு காலைப்பொழுது மெரினா மைதானத்துக்குப் போய், யார் எப்படி ஆடுகிறார்கள் என்று பாருங்கள். அதற்கு டிக்கெட் கிடையாது.