தக்காளிக் கோழி ஆணமும் எழுதி வைக்காத வரலாறும்

 

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீட்டுக்கு வந்தால் எம்மில் பலரது வீடுகளில் தாச்சியில் தக்காளி போட்டுப் பிரட்டிய கோழி இருக்கும். இது காலாகாலமாக நம்முடைய சாப்பாடு என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் கொலம்பஸ் கடல் கடந்த 1492 வரை கோழி ஒரு உலகத்திலும் தக்காளி இன்னொரு உலகத்திலும் இருந்தன.

கோழி தென்கிழக்காசியக் காட்டுக்கோழியிலிருந்து வந்தது. தக்காளி தென்னமெரிக்காவில் காட்டுச் செடியாக இருந்து, மெக்சிகோப் பக்கம் பயிரானது. நமது மொழியிலேயே இதற்குச் சாட்சி உண்டு. மணத்தக்காளி முன்னரே இங்கு இருந்தது. பிறகு வந்த பழத்துக்குச் 'சீமைத் தக்காளி' என்று பெயர் வைத்தார்கள். காலப்போக்கில் 'சீமை' உதிர்ந்து, வந்த பழமே தக்காளி ஆகிவிட்டது.

அப்படியானால் தக்காளி வருவதற்கு முன் கோழி ஆணத்துக்குப் புளிப்பு எங்கிருந்து கிடைத்தது? நம் பக்கத்தில் புளி, கொறக்கா, தேசிக்காய் இருந்தன. பக்தாதில் என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். ஏனென்றால் 1226 இல் முஹம்மத் இப்னு ஹஸன் அல்-பக்தாதி என்பவர் 'கிதாபுத் தபீக்' என்ற சமையல் நூலை எழுதி வைத்தார். வினாகிரி, மாதுளைச் சாறு, காய்த் திராட்சைச் சாறு, சுமாக் என்று அதில் புளிப்புக்குப் பல வழிகள் உள்ளன. தக்காளி மட்டும் இல்லை.

தக்காளிக் குழம்பின் கதை மெக்சிகோவில் தொடங்குகிறது. 1521 இல் ஸ்பானியர் அஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றினர். பின்னர் அங்கு வந்த சஹாகூன் என்ற பாதிரியார், ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு அந்த மக்களின் வாழ்க்கையை அவர்களது மொழியிலேயே பதிவு செய்வித்தார். தக்காளியும் மிளகாயும் சேர்த்த குழம்புகள் சந்தையில் விற்கப்பட்டதை அதில்தான் படிக்கிறோம். ஆனால் விற்றவர்களில் ஒருவரது பெயரும் நமக்குத் தெரியாது.

ஐரோப்பாவில் அச்சில் வந்த முதல் தக்காளிச் சோஸ் குறிப்பு என்று பொதுவாகச் சொல்லப்படுவது, 1690களில் இத்தாலியின் நாப்போலியில் அந்தோனியோ லத்தீனி வெளியிட்டது. சுட்டுத் தோலுரித்த தக்காளி, வெங்காயம், மிளகாய், உப்பு, எண்ணெய், வினாகிரி. அவரே அதற்கு 'ஸ்பானிய முறை' என்றுதான் பெயர் வைத்தார். ஆனாலும் இன்று பெயர் சொல்லப்படுவது அவருக்குத்தான். அவர் எழுதினார், மற்றவர்கள் சமைத்தார்கள்.

அதன் பிறகு கோழியும் தக்காளியும் பல ஊர்களில் சேர்ந்துகொண்டன. இத்தாலியில் 'கச்சத்தோரா', ஸ்பெயினின் அரகோனில் 'சிலிந்திரோன்', மொரோக்கோவில் தக்காளியை இனிப்பாகச் சுண்ட வைத்துச் செய்யும் கோழித் தஜீன் என்று ஒவ்வொரு ஊரும் தன் கைப்பக்குவத்தில் செய்தது.

நமக்குக் கிட்டிய உதாரணம் தில்லியின் பட்டர் சிக்கன். 1947 பிரிவினையில் பெஷாவரிலிருந்து வந்தவர்கள் தர்யாகஞ்சில் 'மோத்தி மஹால்' உணவகத்தை நடத்தினார்கள். தக்காளிக் குழம்பில் தந்தூரிக் கோழியைப் போட்ட அந்தக் கறியை முதலில் செய்தது குந்தன் லால் குஜ்ராலா, குந்தன் லால் ஜக்கியா என்று இரு தரப்பு வாரிசுகளும் 2024 இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். ஒரு நூற்றாண்டுக்குள்ளேயே இந்த நிலை.

இப்போது நமது அடுப்படிக்கு வருவோம். ஒரு வீட்டில் தக்காளியை எண்ணெய் பிரியும் வரை வதக்கிய பின்தான் கோழியைப் போடுவார்கள். இன்னொரு வீட்டில் கோழி பாதி வெந்த பிறகு தக்காளி. சிலர் தேங்காய்ப்பால் விடுவார்கள், சிலர் விடமாட்டார்கள். ரம்பையும் கருவாவும் எப்போது விழ வேண்டும் என்பதில் உம்மாவுக்கும் மாமிக்கும் ஒத்துப்போகாது. இவையெல்லாம் எமது ஊரின் வரலாறு. ஆனால் அளவு கேட்டால் "கண் அளவுதான் மகன்" என்பார்கள். அந்தக் கண்களோடு அந்த அளவும் மறைந்துவிடும்.

எமது பிள்ளைகள் வரலாறு என்றால் மன்னர்களும் போர்களும் என்றே படிக்கிறார்கள். இந்த விடுமுறையில் அவர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுப்போம். உம்மும்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு ஆணத்தை மட்டும் எழுதட்டும். யார் சொன்னது, அவர் யாரிடம் பழகினார், எந்த ஊர், எந்த வருடம் என்பதும் அதில் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் தக்காளி முதலா, கோழி முதலா? கீழே எழுதுங்கள். உம்மாவிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.