வாடகைச் சீட்டிலிருந்து வீட்டுப் பத்திரம் வரை

வீட்டு விலையும் வாடகையும் ஏறிக்கொண்டே போகின்றன என்னும் பேச்சு நம்மிடையே புதியதன்று. சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் வாழ்ந்த நம் முன்னோரும் இதையே பேசினர். அவர்கள் கொடுத்த வாடகை எவ்வளவு என்பதோடு, அந்த வாடகைக்கு ஈடாக என்ன உறுதியைப் பெற்றனர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வரலாறு விளங்கும்.

கீழே கடை, மேலே குடியிருப்பு, முகப்பில் ஐந்தடிப்பாதை என்பது கடைவீட்டின் அமைப்பு. குடியேறிகள் பெருகப் பெருக, மேல்தளங்கள் பலகைத் தடுப்புகளால் சிற்றறைகளாகப் பிரிக்கப்பட்டன. நகரில் காற்றும் வெளிச்சமும் புகாத இத்தகைய அறைகளின் நெரிசலை டாக்டர் சிம்சனின் 1907ஆம் ஆண்டுச் சுகாதார அறிக்கை எடுத்துக்காட்டியது. சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிறுவனம் 1927இல் தோன்றியது. அது தன் முப்பத்திரண்டு ஆண்டுக் காலத்தில் கட்டியவை ஏறத்தாழ 23,000 வீடுகளே. மக்கள்தொகையோ 1947இல் 9,38,000 ஆகவும், 1957இல் 14,46,000 ஆகவும் இருந்தது.

போருக்குப் பிந்திய பற்றாக்குறையைத் தணிக்க 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகை 1939 ஆகஸ்ட் மாத அளவில் நிறுத்தப்பட்டது. ஏழைக் குடியிருப்பாளருக்கு அது ஓர் அரண். ஆயினும் அதன் பயன் எல்லாருக்கும் ஒன்றுபோல் கிட்டவில்லை. குறைந்த வாடகைக்கு வீட்டைப் பிடித்த தலைமைக் குடியிருப்பாளர் பலர், உள்ளறைகளை உள்வாடகைக்கு விட்டு ஆதாயம் கண்டனர். குடிபுகுவதற்கு முன் தனியே ஒரு தொகையும் கைமாறியது. வருவாய் குன்றிய உரிமையாளர்கள் பழுது பார்க்காமல் விட்டதால் கூரைகள் ஒழுகின, சுவர்கள் விரிந்தன.

தமிழ்த் தொழிலாளர் பலருக்கு வாழ்விடம் வேறு வகையில் அமைந்தது. நகராட்சி, துறைமுகம், ரயில்வே, செம்பவாங் கடற்படைத் தளம் ஆகியவற்றில் உழைத்தோர்க்கு வேலையுடன் குடியிருப்பும் கிடைத்தது. செலவு குறைவு, ஆனால் வேலை போனால் கூரையும் போகும். பிரிட்டிஷ் படைகள் 1971க்குள் விலகும் என்று 1968இல் அறிவிக்கப்பட்டபோது, தளத்தை நம்பியிருந்த குடும்பங்கள் இவ்விரண்டையும் ஒருசேர இழக்க நேர்ந்தது. பலர் தாயகம் திரும்பினர்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960 பிப்ரவரியில் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு மே 25ஆம் நாள் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. கட்டுமானப் பணி மேலும் விரைவு கண்டது. 1964இல் வாடகைக்கு மாற்றாக உரிமை என்னும் திட்டம் வந்தது. குவீன்ஸ்டவுனில் ஈரறை வீடு 4,900 வெள்ளிக்கும், மூவறை வீடு 6,200 வெள்ளிக்கும் விற்கப்பட்டன. ஆயினும் முன்பணம் திரட்டுவது பலருக்கும் எட்டாத காரியமாகவே இருந்தது. மத்திய சேம நிதியைப் பயன்படுத்தலாம் என்று 1968இல் வழி திறந்த பின்னரே வாங்குவோர் பெருகினர். 1966ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலச் செலவைக் கட்டுக்குள் வைத்தது. சொந்த வீட்டில் வாழும் குடும்பங்களின் விகிதம் 1970இல் சுமார் 29 விழுக்காடு. 1990இல் சுமார் 87 விழுக்காடு. 99 ஆண்டுக் குத்தகையே ஆயினும், பிறர் தயவில் தங்கும் நிலை அகன்றது.

இந்த உறுதிக்கு வேறோர் இழப்பும் ஈடாயிற்று. கோயிலும் கடையும் உறவும் நடக்கும் தொலைவில் இருந்த வாழ்க்கை, தொலைவான பேட்டைகளுக்குச் சிதறியது. 1989 மார்ச்சில் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்புக்கு வந்தது. அதே ஆண்டு ஜூலையில் லிட்டில் இந்தியா பாதுகாப்பு வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. ஓரினக் குடியிருப்புகள் உருவாகாமல் தடுப்பது அக்கொள்கையின் நோக்கம். ஆயினும் சீனர்க்குரிய வரம்பு நிரம்பிய கட்டடத்தில் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க இயலாது. வாங்குவோர் குறைந்தால் விலையும் தாழக்கூடும். இந்த இடர்ப்பாட்டை உணர்ந்து, தகுதியுள்ளோரிடமிருந்து வீட்டைக் கழகமே திரும்ப வாங்கும் ஏற்பாடு 2022இல் வந்தது. இதனிடையே, 2001இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதால் பழைய கடைவீடுகளின் வாடகை சந்தைக்கு விடப்பட்டது. சுவர்களைச் சட்டம் காத்தது. உள்ளிருந்த சிறுதொழில்களுக்கு அத்தகைய காப்பு இல்லை.

ஆகவே, ஒரு வீடு கட்டுப்படியாகிறதா என்று கேட்கும்போது, மாதந்தோறும் கொடுக்கும் வெள்ளியை மட்டும் எண்ணிப் பயனில்லை. நாளை அங்கிருந்து எழுப்பப்படுவோமா, வேலையும் சுற்றமும் எவ்வளவு தொலைவில் உள்ளன என்பனவும் அக்கணக்கில் சேரும். நம் வீட்டு மூத்தோரிடம் பழைய வாடகைச் சீட்டோ முதல் வீட்டின் பத்திரமோ இருந்தால் கேட்டுப் பார்ப்போம். அதில் யார் பெயர் உள்ளது, எவ்வளவு தொகை, அன்றைய சம்பளத்தில் அது எத்தனை பங்கு என்று மாணவர்கள் குறித்து வந்தால், வகுப்பறையிலேயே இந்த வரலாற்றின் அடுத்த பக்கத்தை எழுதத் தொடங்கலாம்.