'கள்ளத்தோணி' என்றொரு சொல்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. சில வசைச் சொற்களின் வரலாற்றை அறிய அகராதியோடு நாட்டின் சட்டப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியிருக்கிறது. 'கள்ளத்தோணி' அத்தகைய ஒரு சொல். நம் நாட்டிலே தமிழர் வாயிலும் சிங்களவர் வாயிலும் புழங்கிய தமிழ்ச் சொல் அது.

இரகசியமாகத் தோணியேறி வந்து கரையிறங்கியவன் என்பது அதன் பொருள். வடகடலில் அவ்வாறு வந்தோரும் இருந்தனர். ஆனால் சொல் ஒட்டிக்கொண்டது மலையகத் தோட்டத் தொழிலாளர் மீது. அவர்கள் வந்த வழி என்ன? கோப்பிக் காலத்திலே மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் மாண்டோர் பலர். பின்னர் தேயிலைக் காலத்தில், தமிழ்நாட்டு மண்டபத்தில் இலங்கை அரசாங்கமே நடத்திய முகாமிலே தங்கி, வைத்திய பரிசோதனைக்கு உட்பட்டு, 1914 முதல் தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பலில் வந்தார்கள். துரைமார் கேட்டார்கள், கங்காணிமார் அழைத்து வந்தார்கள், அரசாங்கம் எண்ணி இறக்கியது. இவ்வளவு பகிரங்கமாக வந்தவர்களுக்குக் 'கள்ள' என்ற அடைமொழி எவ்வாறு பொருந்தும்?

இதே கதையை உலகின் மறுகோடியிலும் காணலாம். மெக்சிக்கோவிலிருந்து அமெரிக்கா சென்ற தொழிலாளரை அங்குள்ளோர் 'வெட்பாக்', அதாவது 'நனைந்த முதுகினன்' என்று ஏசினர். எல்லையிலுள்ள ரியோ கிராண்டே ஆற்றை நீந்தி வந்தவன் என்பது கருத்து. 1848இல் போர் முடிந்து மெக்சிக்கோவின் பெரும் நிலப்பரப்பு அமெரிக்கா வசமானபோது, இருந்த இடத்திலேயே இருந்து அமெரிக்கரானவர்கள் உண்டு. அவர்களின் சந்ததியாருக்கும் இந்த ஏச்சு தப்பவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் லட்சக்கணக்கானோர் மெக்சிக்கோவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் அமெரிக்க மண்ணிற் பிறந்த பிரஜைகள். 1942இல், யுத்தகாலத்தில் ஆள் தேவைப்பட்டபோது, ஒப்பந்தம் எழுதி மெக்சிக்கரை வயல்களுக்கு அழைத்தார்கள். 1954இல் பெருமளவில் வெளியேற்றியபோது, அந்நடவடிக்கைக்கு அரசாங்கமே 'ஒப்பரேஷன் வெட்பாக்' என்று பெயரிட்டது. தெருவிலே பிறந்த ஏச்சு அரசாங்கக் கோவையில் ஏறிவிட்டது.

நம் நாட்டிலும் அதே மந்த காலத்திற்றான் பகைமை முற்றியது. கொழும்பிலே தொழிற்சங்கத் தலைவர் ஏ.ஈ. குணசிங்கா மலையாளத் தொழிலாளருக்கு எதிராகக் கிளம்பினார். 1939இல் அரசாங்கத் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியரை நீக்கும் திட்டம் வந்தது. அதன் பொருட்டு நேரு கொழும்பு வந்தபோதுதான் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாயிற்று. 1947 பொதுத் தேர்தலில் அதன் வேட்பாளர்கள் பாராளுமன்றம் சென்றனர். வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் தோட்ட மக்களின் வாக்குகள் உதவின.

மறு ஆண்டே பதில் கிடைத்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி இங்கு பிறந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கு பிறந்தவர், அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பிராவிற் பிறந்தவன் பாட்டனின் பிறப்புப் பத்திரத்துக்கு எங்கே போவான்? 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. 1964இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப்போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களின் பின்னரே எஞ்சியோரின் நாடற்ற நிலை நீங்கியது.

ஏச்சு முன்னே சென்று ஒரு மக்களை அந்நியராக்கி வைத்தது. சட்டம் பின்னே வந்து அதை எழுத்தில் உறுதிசெய்தது. சட்டத்தைத் திருத்திவிட்டோம். சொல்லை என்ன செய்தோம்?

இக்கேள்வி சிங்கள மக்களை நோக்கியது மட்டுமன்று. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எத்தனை தமிழ் வீடுகளின் அடுப்படியில் மலையகச் சிறுமியர் பாத்திரம் கழுவினர்? என் வகுப்பிலே, ஹட்டனிலிருந்து வந்து சேர்ந்த மாணவனை அடுத்த வாங்கிலிருந்தவன் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்ததை என் காதாற் கேட்டேன். அழைத்தவனும் தமிழ்ப் பிள்ளையே. பாடப்புத்தகத்தில் அச்சொல் இல்லை. வீட்டில் பெரியவர்கள் பேசக் கேட்டுத்தான் கற்றிருக்கிறான்.

'கூலி' என்ற சொல்லையும் எண்ணிப் பாருங்கள். உழைப்பின் பயன் என்ற உயர்ந்த பொருளிலே வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் ஆண்ட சொல் அது. தோட்டங்களில் அது ஆளுக்கே பெயராகி, தென்னாபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள் எங்கும் இழிசொல்லாயிற்று.

1930களின் வெளியேற்றத்துக்காகக் கலிபோர்னியா மாநிலம் 2005இல் சட்டமியற்றி மன்னிப்புக் கேட்டது. மலையக மக்கள் 2023இல், தம் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். முன்னோர் நடந்த அதே வழி. நாம் செய்யக்கூடியது சிறிய காரியம். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகி, பின் உரிமை பறிக்கப்பட்ட மக்களோடு நின்ற கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே' நூலைத் தேடி எடுத்து, வீட்டிலே பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர்களும் அம்மக்களின் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகட்டும்.